தட்டிவிட்டுக் காத்து நிற்பவர்

அக்கா கதவைத் தட்டுவார். இதில் எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். தட்டாமல் அறைக்குள் வராதே என்று நீங்களே ஒருவரையொருவர் ஏசுகிறவர்கள்தானே. ஆனால் பிள்ளைகளே, அக்கா தட்டிய கதவுகள் வெளிப்பக்கம் பூட்டிய கதவுகள். உள்ளே இருந்தவர்கள் மறியலில், காவலில் அடைபட்டு இருந்தவர்கள். திறப்புக் கோர்வை அக்காவின் இடுப்பில் தொங்கியது.

நான் அங்கே காவல் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அதைப் பார்த்தபோது, அவருக்கும் புதிய வேலை, பயத்தில் தட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். மடக்கிய விரல் முட்டியால் இரண்டு தட்டு. பிறகு ஓரடி பின்னுக்கு வந்து, தலையைச் சரித்துக் காது கொடுத்து நின்றார். உள்ளேயிருந்து ஒரு குரல் வந்த பிறகுதான் திறப்பைப் பூட்டுக்குள் விட்டார். அடுத்த கதவிலும் அப்படியே. அதற்கடுத்த கதவிலும் அப்படியே. எனக்குப் பொறுமை போய்விட்டது. வர வேண்டாம் என்று உள்ளே இருப்பவர் சொன்னால் திரும்பிப் போய்விடுவீர்களோ என்று கேட்டேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "பூட்டு நம்மட, மனே. அறை அவங்கட."

மனே என்றால் மகனே. அக்கா மட்டக்களப்புப் பக்கம். அங்கே தம்மிலும் இளைய எந்த ஆணையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கானாக்காரன், ரஷ்யாக்காரன் எல்லாரும் அவருக்கு மனேதான். அக்காவின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவர் இந்த நகரத்தில்தான் இன்னும் இருக்கிறார். கேட்காமல் எழுதுவது சரியில்லை.

அந்த மறியல் நகரத்தின் மேற்குப் பக்கம், லொறித் தரிப்பிடங்களுக்கு நடுவில் இருந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து, நகரத்தின் மற்றப் பக்கம், வோபர்னில் ஒரு நிலக்கீழ் அறையில் இருந்தோம். மூத்தவளுக்கு அப்போதுதான் பல் முளைத்தது. பஸ், சப்வே, பிறகும் பஸ் என்று நகரத்தை முழுதாகக் கடந்து வேலைக்குப் போவேன். முன்பு அது முதியோர் இல்லமாக இருந்த கட்டடம். விறாந்தை நெடுக, கிழவர்கள் பிடித்து நடக்கிற மரக் கைப்பிடிகள் அப்படியே இருந்தன. ஒவ்வொரு கட்டிலுக்கு மேலும் தாதியைக் கூப்பிடுகிற மணிப் பெட்டியும் இருந்தது. அதன் கயிற்றை மட்டும் அறுத்து எடுத்திருந்தார்கள், யாரும் கழுத்தில் போடக் கூடாது என்று.

உள்ளே இருந்தவர்களில் அநேகம் பேர் களவெடுத்தவர்களோ ஆளை அடித்தவர்களோ இல்லை. கள்ளப் பாஸ்போட்டில் வந்து இறங்கியவர்கள், திருப்பி அனுப்பத் தீர்ப்பானவர்கள், ஆள் யாரென்று அரசாங்கத்துக்கு உறுதியாகாதவர்கள். ஆனால் பூட்டு பூட்டுத்தான். ஒருவருக்கு ஒரு கிழமை, இன்னொருவருக்கு ஒரு வருடம். எப்போது விடுவார்கள் என்று உள்ளே இருப்பவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

முதலில் அந்த இடத்தை அரசாங்கமே நடத்தியது. காவலர்கள் அரசாங்க உத்தியோகத்தர்கள். அவர்களுக்குச் சங்கம் இருந்தது, பென்சன் இருந்தது. பிறகு, குப்பை அள்ளுகிற வேலையைக் கொடுக்கிற மாதிரி, ஆட்களைப் பூட்டி வைக்கிற வேலையையும் குத்தகைக்குக் கொடுத்தார்கள். குறைந்த விலை சொன்ன கம்பனிக்கு அது கிடைத்தது. குறைந்த விலை சொன்னவர்கள் அந்த விலைக்குள் வேலையை முடிக்க வேண்டும் அல்லவா? பழைய காவலர்களிடம், பாதிச் சம்பளத்துக்கு நிற்க விருப்பமென்றால் நில்லுங்கள் என்றார்கள். அவர்கள் போய்விட்டார்கள். அந்த இடத்துக்குத்தான் என்னைப்போல ஆட்கள் போனோம். நான் உணவகம் ஒன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தவன். ஒரு படம் போட்டுக் காட்டினார்கள், ஒருவருக்கொருவர் கைவிலங்கு போட்டுப் பழகச் சொன்னார்கள். காற்சட்டையும் சேட்டும் தந்தார்கள். காவலாளி ஆகிவிட்டேன்.

அக்கா அந்தக் கட்டடத்துக்கு என்னிலும் பழையவர். அரசாங்க காலத்தில் அவர் அங்கே தரை துடைத்தார். கம்பனி வந்ததும் துப்புரவு வேலைக்கு ஆள் வேண்டாம், அதை மறியல்காரரே செய்யட்டும் என்று முடிவெடுத்தார்கள். ஆனால் பெண்கள் பகுதிக்குப் பெண் காவலாளிகள் தேவையாக இருந்தது. அதனால் அக்காவின் கையிலிருந்த துடைப்பத்தை வாங்கிக்கொண்டு திறப்பைக் கொடுத்தார்கள். துடைக்க வருகிறவர் தட்டித்தானே உள்ளே போவார்? திறப்பு வந்த பிறகும் அக்கா அதை விடவில்லை.

ஊரில் சண்டை நேரத்தில் தட்டாமல் வீடுகளுக்குள் வந்தவர்களை அவருக்கு நன்றாகத் தெரியும் என்று ஒருமுறை சொன்னார்.

அக்கா எல்லாருக்கும் தாய்மாதிரி இருந்தார் என்று நான் எழுதினால் அது பொய். சரியான கண்டிப்பு. ஒருத்தி சாப்பாட்டு முள்ளுக்கரண்டியை மெத்தைக்குக் கீழே ஒளித்து வைத்தபோது, அவள் அழ அழ அதை எடுத்துக்கொண்டுபோய் மேலிடத்தில் கொடுத்தவர் அக்காதான். யாழ்ப்பாணத்துப் பெடியன் ஒருவன், அக்கா நல்லவ என்று நம்பி, வெளியே ஒருவரிடம் ஒரு செய்தி சொல்லிவிடச் சொல்லிக் கெஞ்சினான். அக்கா அவனுக்குச் சொன்னது எனக்கு நல்ல ஞாபகம். "தட்டுறன் எண்டாப்போல நான் உன்ர ஆள் எண்டு நினைச்சிராத, மனே. நான் பூட்டுற ஆள்தான்." அவன் முகம் செத்துப்போயிற்று. ஆனால் அடுத்த நாள் சாப்பாட்டுத் தட்டோடு அவனுக்கு இரண்டு சின்ன மிளகுத்தூள் பக்கெற்றுகளும் வந்தன. பேர்கர் கடைகளில் சும்மா வைத்திருப்பார்களே, அவைதான். அக்காவின் பைக்குள் எப்போதும் கிடக்கும். கம்பனி கொடுத்த சாப்பாடு எங்கேயோ சமைத்து, உறைய வைத்து, திரும்பச் சூடாக்கி வருவது. உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை.

ஒருநாள் காலமை, திருப்பி அனுப்ப ஒரு பெண்ணைக் கூட்டிப்போக இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். விமானத்துக்கு நேரமாகிறது என்று அவசரப்படுத்தினார்கள். அக்கா அவர்களை விறாந்தையில் நிறுத்திவிட்டு வழக்கம்போலத் தட்டினார். பதில் இல்லை. அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்தார், இருமினார், திறப்பைத் தா என்று கையையும் நீட்டினார். அக்காவுக்கு இங்கிலிஷ் கொஞ்சம்தான் தெரியும். அந்த நேரத்தில் அந்தக் கொஞ்சமும் தெரியாதவர்போல நின்றார். கனநேரத்துக்குப் பிறகு உள்ளேயிருந்து, பொறுங்கள் என்று ஒரு குரல் வந்தது. இன்னும் கொஞ்சம் கழித்து, சரி என்று வந்தது. திறந்தபோது அந்தப் பெண் தலையை இழுத்துப் பின்னி, கோட்டுப் பொத்தான்களைப் பூட்டிக்கொண்டு நின்றாள். நடந்தே போனாள். மற்றவர்களை இழுத்துக்கொண்டு போனதைக் கண்டவன் நான், அதனால் சொல்கிறேன். அக்கா அவளை அனுப்பாமல் விட்டாரா? இல்லை. அனுப்பினார். ஆனால் தலை பின்ன விட்டு அனுப்பினார்.

ஆட்கள் குறைவு என்பதால் அக்கா ஆண்களின் மாடிக்கும் போகவேண்டி இருந்தது. அங்கேதான் கொண்டக்டர் அண்ணை இருந்தார். யாழ்ப்பாணத்தில் பஸ் கொண்டக்டராக இருந்தவர், ஐம்பதைத் தாண்டிய மனிதர். தங்கை பக்கத்து ஊரான அஜக்ஸில் இருந்தாள். தன் அண்ணன்தான் என்று அவள் வந்து சொல்லியும், இன்னும் பத்திரம் வேண்டும் என்று வைத்திருந்தார்கள். அவருக்கு அக்காவின் தட்டல் பெரிய பொழுதுபோக்கு. தட்டுச் சத்தம் கேட்டவுடன் உள்ளேயிருந்து பஸ் நிலையத்துக் குரல் வரும்.

"ஏறுங்கோ, ஏறுங்கோ. உள்ளுக்கு இடமிருக்கு."

"ரிக்கட் எடுக்கணுமாண்ணே?" என்பார் அக்கா வெளியே நின்று.

"மட்டக்களப்பு ஆக்களுக்கு அரை ரிக்கட். சின்னப் பிள்ளையள் கணக்கு."

"யாழ்ப்பாணத்தான் அதுக்கும் மிச்சக் காசு தரமாட்டான்."

இந்த நாடகம் முடிந்த பிறகுதான் கதவு திறக்கும். எனக்கு அது வீண் வேலையாகப் பட்டது. அதை அண்ணையிடமே ஒருநாள் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "தம்பி, இந்தக் கட்டடத்துக்குள்ளை என்னைக் கேட்டு நடக்கிறது ஒண்டே ஒண்டுதான். அதையும் வீண் எண்டு சொல்லாதை" என்றார்.

அந்தக் கதவுகளில் கண்ணாடி இல்லை, முதியோர் இல்லத்துக் கதவுகள் அல்லவா. வேறு காவலாளிகள் ரோந்து வரும்போது சட்டென்று திறந்து, எட்டிப் பார்த்து, அடித்துச் சாத்துவார்கள். அக்காவுக்குப் பதில் குரல் போதும். குரலிலேயே ஆளின் சுகம் தெரியும் என்பார். காய்ச்சலா, அழுதிருக்கிறானா, சாப்பிடாமல் கிடக்கிறானா, எல்லாம்.

பிறகு குத்தகைக் காலம் முடிந்தது. திரும்பவும் விலை கேட்டார்கள். கம்பனி முன்னதிலும் குறைத்துச் சொல்லித்தான் இடத்தைத் தக்க வைத்தது. குறைத்த காசு எங்கிருந்து வந்தது என்று எங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விளங்கியது. மாடிக்கு ஒருவராக இருந்த காவல், இரண்டு மாடிக்கும் ஒருவர் என்றானது. தினமும் வந்த தாதி, கிழமையில் சில நாள் மட்டும் வந்தார். கதவுகளுக்குக் கண்ணாடி போடப்போகிறோம் என்று சொல்லிவந்த கதையும் நின்றுபோனது. அதற்குப் பதிலாக ஒரு தடி வந்தது.

இரும்புத் தடி, ஒரு சாண் நீளம். ஒவ்வொரு கதவு நிலையிலும் ஒரு சின்ன உலோகப் பொத்தான் பதித்தார்கள். ரோந்து போகிறவர் தடியின் நுனியைப் பொத்தானில் தொடவேண்டும். தொட்டால் பீக் என்று சத்தம் வரும். வேலை முடிந்ததும் தடியை ஒரு பெட்டியில் செருகினால், எந்தக் கதவுக்கு எப்போது போனோம் என்று கொம்பியூட்டரில் தெரியும். அரசாங்கத்துக்கு அதைக் காட்டித்தான் கம்பனி காசு வாங்கும். இனி ஒருவரும் ஏமாற்ற முடியாது என்று சுப்பவைசர் சந்தோஷமாகச் சொன்னார். அவர் முன்பு ஒரு கடைத்தொகுதியில் காவல் வேலை செய்தவர். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் மேலே ஒருவர் இருந்தார்.

அக்கா தடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்னைத்தான் பாக்குது. உள்ள இரிக்கிறவனைப் பாக்கல்லயே" என்றார்.

தட்டி, காத்து நின்று, பதில் கேட்டு, பிறகு பொத்தானைத் தொட்டு இரண்டு மாடியும் சுற்றினால் குறித்த நேரத்துக்குள் முடியாது. அக்காவின் ரோந்து எல்லாம் பிந்தியது. ஒருமுறை எச்சரித்தார்கள். இரண்டாம் முறையும் எச்சரித்தார்கள். அதற்குப் பிறகு சுப்பவைசர் அக்காவைக் கூப்பிட்டு, விளங்கப்படுத்துவதற்கு என்னையும் கூப்பிட்டார். இன்னொரு முறை பிந்தினால் வேலை இல்லை என்று சொல்லச் சொன்னார். சொன்னேன்.

அக்காவுக்கு அந்த வேலை ஏன் தேவை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவருக்கு ஒரே மகள். மட்டக்களப்பில் பெரியம்மாவோடு இருந்தாள். அப்போது அங்கே சண்டை. வயது வந்த பெண்பிள்ளையைச் சோதனைச் சாவடிகளுக்கு நடுவில் வைத்திருப்பது என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்லி விளங்காது. மகளை இங்கே கூப்பிட மனுப் போட்டிருந்தார். ஒரே வேலையில் நிலையாக நிற்பதாகக் கம்பனியின் கடிதம் இருந்தால் கெதியாக முடியும் என்று வழக்கறிஞர் சொல்லியிருந்தார்.

அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டார். தட்டலாமா? சுப்பவைசர் சிரித்தார். நேரத்துக்கு முடித்தால் தட்டு, பாட்டும் பாடு, யார் வேண்டாம் என்றது என்றார்.

வெளியே வந்து விறாந்தைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அக்கா சொன்னார்: "அப்ப தட்டுறன். நிக்கல்ல."

அப்படித்தான் செய்தார். இரண்டு தட்டு, ஒரு பீக், அடுத்த கதவு. பதில்கள் வந்தன. ஆனால் அவை வரும்போது அக்கா இரண்டு கதவு தாண்டியிருப்பார். யெஸ், ஓம், வா என்று ஆளில்லாத விறாந்தையில் குரல்கள் வந்து விழும். அதைக் கேட்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது. சிலர் பதில் சொல்வதை விட்டுவிட்டார்கள். கொண்டக்டர் அண்ணை விடவில்லை.

"என்னக்கா, பஸ் நிக்காமல் போகுது?"

"எக்ஸ்பிரஸ்ண்ணே. இதில நிக்காது."

நேரம் பிந்தவில்லை. சுப்பவைசர் அக்காவின் தோளில் தட்டி, கெட்டிக்காரி என்றார்.

பனிக்காலம் தொடங்கிய பிறகு கொண்டக்டர் அண்ணை, நெஞ்சுக்குள்ளே யாரோ மிதிபலகையில் தொங்குகிற மாதிரி இருக்கிறது என்று சொன்னார். சொன்னது அக்காவிடம்தான். அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு சுப்பவைசரிடம் போனார். டொக்டரைக் கூப்பிடச் சொன்னார். தாதி வருகிற நாளில் பார்ப்பார் என்று பதில் வந்தது. வாய்வுக்கு ஒரு குளிசை கொடுத்து விட்டார்கள்.

அடுத்த நாள் சரியான பனி. ஒரு காவலாளி வரவில்லை. நான் கீழே முன்வாசலில் நின்றேன். இரண்டு மாடியும் அக்காதான். பின்னேரம் ரோந்து போனார். கொண்டக்டர் அண்ணையின் கதவைத் தட்டினார், பொத்தானைத் தொட்டார், போனார். அடுத்த ரோந்திலும் தட்டினார், தொட்டார், போனார். சாப்பாட்டு நேரம் தட்டோடு வந்து திறந்தபோது கதவு முழுதாகத் திறபடவில்லை. அண்ணை கதவுக்கும் கட்டிலுக்கும் நடுவே தரையில் கிடந்தார். அக்கா கத்தவில்லை. சாப்பாடு வரவில்லை என்று மற்ற அறைக்காரர்கள் கதவுகளைத் தட்டிய சத்தத்துக்கு நான் ஓடிப்போனபோது, சாப்பாட்டுத் தட்டைக் கீழேயும் வைக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். நான்தான் அதை வாங்கினேன்.

மறியலில் ஒருவர் செத்தால் மரண விசாரணை வைக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். கம்பனி பயந்துபோயிருக்கும் என்று நினைத்தேன். பயப்படவில்லை. தடி எல்லாவற்றையும் சொன்னது. ஒவ்வொரு ரோந்தும் நேரத்துக்கு நடந்திருக்கிறது, ஒரு கதவும் தப்பவில்லை. அக்கா தட்டினார் என்பது தெரியவந்ததும் கம்பனியின் வழக்கறிஞர் இன்னும் சந்தோஷப்பட்டார். விதியில் இல்லாத ஒன்றைக்கூட எங்கள் காவலாளி செய்திருக்கிறார், மனிதரை அவ்வளவு மதிக்கிற இடம் இது என்று சொல்லலாம் அல்லவா? அக்காவைக் கூப்பிட்டு இருத்தி, தேத்தண்ணி கொடுத்துக் கதைத்தார். கேட்கிற கேள்விக்கு ஓம், இல்லை என்று சொன்னால் போதும் என்றார். மகளின் மனுவுக்குக் கம்பனி கொடுக்கிற கடிதம் தயார், விசாரணை முடிந்த கையோடு கையெழுத்தாகும் என்றார். இதையும் நான்தான் தமிழில் சொன்னேன். அக்கா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார்.

விசாரணை நகர நடுவில், உயரமான ஒரு கட்டடத்தில் நடந்தது. தாதி வருகிற நாட்கள் பற்றி என்னையும் கேட்டார்கள், தெரிந்ததைச் சொன்னேன். எனக்கு முன்பு ஒரு டொக்டர் பேசினார். அண்ணை விழுந்தவுடன் சாகவில்லை, கொஞ்ச நேரமாவது உயிரோடு கிடந்திருக்கிறார் என்று சொன்னார். அக்காவுக்கு மொழிபெயர்க்க ஒரு தமிழ்த் தம்பி வந்திருந்தான், நல்ல சூட் போட்டு. அவன் அந்த வசனத்தை அக்காவின் காதுக்குள் சொல்லும்போது நான் பார்த்தேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

பிறகு அக்காவைக் கூப்பிட்டார்கள். கம்பனியின் வழக்கறிஞர் மெதுவாகக் கேட்டார். அன்று பின்னேரம் எல்லாக் கதவும் தட்டினீர்களா? ஓம். அந்தக் கதவும்? ஓம். தட்ட வேண்டும் என்று விதி இருக்கிறதா? இல்லை. அப்படியென்றால், உள்ளே இருந்த மனிதர்மேல் இருந்த மரியாதையால் தட்டினீர்கள், அப்படித்தானே?

இதற்கும் ஓம் என்று சொன்னால் முடிந்தது. மொழிபெயர்ப்பாளன் காத்துக்கொண்டு நின்றான். அக்கா வழக்கறிஞரைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தார்.

"மனே, அவருக்கு வடிவாச் சொல்லு. தட்டினன். நிக்கல்ல. நிக்காமத் தட்டினா அது தட்டுறதில்ல, வெறும் சத்தம்."

அவன் தயங்கினான். "அக்கா, இதை அப்பிடியே சொல்லட்டோ?"

"அப்பிடியே சொல்லு. முந்தி நிப்பன் எண்டும் சொல்லு. நிண்டா நேரம் பிந்துது எண்டு வேலைய எடுக்கப் பாத்தாங்க எண்டும் சொல்லு. அதுக்குப் பயந்து நிக்காம நடந்தது நான்தான். அதையும் விடாத."

அவன் சொன்னான். ஜூரியில் இருந்த ஒரு பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு அக்காவைப் பார்த்தாள். வழக்கறிஞர் தன் கதிரைக்குத் திரும்பிப் போனார்.

அக்கா சொன்னதால் கம்பனிக்கு வெட்கக்கேடு வந்திருக்கும் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஜூரிகள் நல்ல ஆலோசனைகள் சொன்னார்கள். கூடுதல் ஆள் வேண்டும், தினமும் தாதி வேண்டும், கதவில் கண்ணாடி வேண்டும். செய்யத்தான் வேண்டும் என்று கட்டாயமில்லை. கண்ணாடி மட்டும் போட்டார்கள். அக்கா சொன்னதில் கடைசி வசனத்தை மட்டும் கம்பனி பிடித்துக்கொண்டது. தன் கடமையைச் சரியாகச் செய்யவில்லை என்று காவலாளியே ஒப்புக்கொண்டிருக்கிறார், அவரை நிறுத்திவிட்டோம், ஆகவே குறை தீர்ந்தது என்று அரசாங்கத்துக்குப் பதில் அனுப்பியது. குத்தகை தொடர்ந்தது. சுப்பவைசர் அக்காவின் திறப்புக் கோர்வையை வாங்கும்போது கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். அது உண்மையான மன்னிப்புத்தான். அவருக்கும் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள்.

கடிதம் கிடைக்கவில்லை. அக்கா மார்க்கம் என்கிற பக்கத்து ஊரில் அலுவலகங்கள் துப்புரவு செய்யப் போனார். அந்த வேலையும் குத்தகைதான், மாதத்துக்கு மாதம் முதலாளி மாறுவார். மகளின் மனு இழுபட்டுக்கொண்டே போனது. அங்கே நிலைமை மோசமாக, குமர்ப்பிள்ளையை இனியும் வைத்திருக்கப் பயந்து, பெரியம்மா அவளுக்குக் கலியாணம் செய்து வைத்துவிட்டார். இங்கத்தைய சட்டப்படி கலியாணம் செய்த பிள்ளையைத் தாய் கூப்பிட முடியாது. அதோடு அந்தக் கதை முடிந்தது. இதை அக்கா எனக்கு ஒரு பலசரக்குக் கடையில், கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு, மழை பெய்கிறது என்று சொல்கிற மாதிரிச் சொன்னார்.

நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்கிறேன். ஓம் என்று சொல்லியிருந்தால் மகள் வந்திருப்பாளா என்று நானும் அவரிடம் கேட்கவில்லை. அதைக் கேட்கிற உரிமை எனக்கில்லை. அதைவிடப் பெரிய கேள்வியை இன்னொருவர் அவரிடம் கேட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

விசாரணையில் அக்கா பேசி முடித்த அன்று. எல்லோரும் வெளியே வந்து லிஃப்ட்டுக்காக நின்றோம். கொண்டக்டர் அண்ணையின் தங்கை அஜக்ஸில் இருந்து தினமும் வந்துகொண்டிருந்தாள். அது வரைக்கும் எங்கள் யாரோடும் ஒரு சொல்லும் பேசவில்லை. காவல் சட்டை போட்டவர்கள் எல்லோரும் அவளுக்கு ஒன்றுதான், அதில் பிழையில்லை. அன்று அவள் நேரே அக்காவுக்கு முன்னால் வந்து நின்றாள். ஏசப் போகிறாள் என்று நினைத்து நான் குறுக்கே போகப் பார்த்தேன். அக்கா கையால் என்னை விலக்கினார்.

"நீங்கள் நிண்டிருந்தால் அண்ணை தப்பியிருப்பாரோ?" என்று அவள் கேட்டாள். சத்தம் போட்டுக் கேட்கவில்லை.

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள். அக்கா பார்வையைத் திருப்பவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"தெரியாது, புள்ள. நிண்டிருந்தாத் தெரிஞ்சிருக்கும்."

லிஃப்ட் வந்து திறந்தது. ஒருவரும் ஏறவில்லை.